மருதடிக் கண்டத்தில் நின்றவள்

கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள வட்டை முழுவதிலும், குருவியைவிட மனிதரைக் கூடுதலாக வெருட்டிய ஒரே ஆள் எங்கள் வெருளிதான். இதை நான் சும்மா சொல்லவில்லை. அவன் செய்து நிறுத்திய ஒன்றைக் கண்டு வட்டவிதானையார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனார். பள்ளிவாசல் லெப்பை அந்த வயதில் டிராக்டர் பெட்டியில் ஏறினார். என் மூத்த காக்கா, அதாவது அண்ணன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, வைக்கோலைப் பார்த்து ஏசினார். குருவிகள் மட்டும் அதன் தோளில் இருந்து இளைப்பாறிவிட்டுப் போயின.

வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. ஊர் கடலோரத்தில் இருக்கிறது. வயல் மேற்கே, இறக்காமம் பக்கத்தில். இடையில் மாட்டுவண்டிக்கு அரைநாள் பாதை. வெருளி என்பது பயிருக்குள் குருவிக்கும் பன்றிக்கும் பயம் காட்ட நிறுத்துகிற வைக்கோல் ஆள். அதைச் செய்தவனுக்கும் ஊர் அதே பெயரை வைத்துவிட்டது. அவனுடைய வாப்பா அவனுக்கு ஒரு நபியின் பெயரைத்தான் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அவனுடைய வாப்பா எங்கள் வயலுக்குக் காவல்காரர். உம்மா அவனைப் பெற்ற அன்றே மௌத்தாகிவிட்டார். பிள்ளையை ஊரில் யார் கையிலும் கொடுக்க மனம் இல்லாமல் அந்த மனிதர் வயலுக்கே கொண்டுபோய் வளர்த்தார். வரம்போரத்து மருதமரத்தில் ஒரு பரண் இருந்தது, யானை பார்ப்பதற்கு. தவழுகிற வயதில் அவன் விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் சாரத் துணி ஒன்றைக் கட்டி, மறுநுனியைப் பரண் கம்பில் கட்டிவைப்பார். மற்றப் பிள்ளைகள் உம்மாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்த காலத்தில் இவன் பார்த்தது பச்சை, தண்ணீர், வானம், தூரத்து வரம்பில் விரலளவில் வருகிற மனிதர். அவ்வளவுதான்.

காவல்காரனின் பிள்ளைக்கு முதல் பாடம், வருகிறவர் யார் என்று அவர் வருவதற்கு முந்தியே கண்டுபிடிப்பது. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் வந்தால் தேயிலைக்குக் கேத்தில் வைக்க வேண்டும். கள்ளன் வந்தால் பொல்லை எடுக்க வேண்டும். வட்டவிதானையார் வந்தால் கோழியை ஒளிக்க வேண்டும். தண்ணீர் பங்கிடுகிற அதிகாரம் அவரிடம் இருந்தது. வெறுங்கையோடு வருவார், போகும்போது அவருடைய கை முதுகுக்குப் பின்னால் இருக்கும், கையில் ஒரு கோழி இருக்கும். ஆள் கிட்ட வந்து முகம் தெரியும்வரை காத்திருந்தால் கோழி போய்விடும். ஆகவே வெருளி நடையைப் படித்தான். தோளைப் படித்தான். ஓர் ஆள் நிற்கும்போது பாரத்தை எந்தக் காலில் வைக்கிறார் என்பதைப் படித்தான். எங்கள் ஊரில் ஒருவரும் ஒருவரை இவ்வளவு கவனமாகப் பார்த்தது கிடையாது.

கரைச்சல் எங்கே வந்தது என்றால், ஊருக்குள் வந்தபோது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வருவான். கிட்ட நின்று கதைக்கிற எவரையும் அவனுக்கு ஆள் தெரியாது. ஒருநாள் பள்ளிவாசல் வாசலில் அவனுடைய சொந்தச் சாச்சா அவனைக் கட்டிப்பிடித்துச் சுகம் விசாரித்தார்.

“ஆரு நீங்க?” என்றான்.

“டேய், ஒண்ட சாச்சாடா! ஒண்ட வாப்பாட ஒரே தம்பி!”

“கொஞ்சம் அங்கால போய் நில்லுங்க பாப்பம்.”

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. “பெரிய துரை இவரு” என்று ஏசிக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். தெருமுனை வரைக்கும் போயிருப்பார். பின்னால் இருந்து வெருளி சந்தோசத்தில் கத்தினான்: “சாச்சோ! அஸ்ஸலாமு அலைக்கும்! நீங்க எப்ப வந்த?”

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வெருளி வருகிறான் என்றால் ஆட்கள் தாமாகவே பத்தடி பின்னுக்குப் போய் நிற்பார்கள். என் கணவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் பொறுமையான மனிதர். “அவன் பழகின தூரம் அது. நாமதான் கிட்டக் கிட்ட இரிந்து கெட்டுப்போன” என்பார்.

மற்றவர்கள் செய்கிற வெருளி எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு கம்பைக் குறுக்கே கட்டி, கிழிந்த சட்டை ஒன்றைப் போட்டு, மேலே ஒரு பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். பானையில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் எழுதுவார்கள். வெருளி அப்படிச் செய்யவில்லை. வைக்கோலை முறுக்கி முறுக்கி, ஒரு முழங்காலைக் கொஞ்சம் மடித்து, தொந்தியை முன்னே தள்ளி, வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி ஓர் ஆளை நிறுத்தினான். முகம் இல்லை. மொழுமொழு என்று துணி சுற்றிய ஒரு தலை மட்டும்.

வாய்க்கால் கட்டில் வந்தவர்கள் எல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, “விதானையார், சுகமா இரிக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தார்கள். கையில் கோழி இல்லை. ஆனாலும் கோழி இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

விதானையார் விடுவாரா? பள்ளிவாசலில் போய் முறையிட்டார். உருவம் செய்வது எங்கள் மார்க்கத்தில் ஆகாத காரியம். லெப்பை வயது போனவர், அவசரப்படாதவர். வெருளியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“மூஞ்சி வச்சயா?”

“இல்ல.”

“கண்ணு?”

“இல்ல.”

“என்னத்துக்குச் செஞ்ச?”

“குருவிக்கு.”

“மறுகா என்ன? வேளாண்மை வெட்டுக்கு முந்திப் பிரிச்சி மாட்டுக்குப் போட்டிரு.”

அதுவே சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு போகத்துக்கும் வெருளி ஓர் ஆளைச் செய்வான். வெட்டுக்கு முந்திப் பிரித்துப் போடுவான். ஒரு கலைஞன் அந்த வயதில் செய்த வேலை அத்தனையையும் எங்கள் எருமைகள்தான் தின்று தீர்த்தன. அவற்றுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாடசாலைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சித்திர மாஸ்டர் வந்தார். கதையைக் கேள்விப்பட்டு, வெருளியைக் கூப்பிட்டுக் கடதாசியும் கரிக்கட்டியும் கொடுத்து, தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, “என்னைக் கீறு பாப்பம்” என்றார். வெருளி பார்த்தான். ஓரடி பின்னுக்குப் போனான். பிறகு கிணற்றடிக்குப் போனான். வேலியைத் தாண்டினான். “இரிங்க சேர், வாறன்” என்ற சத்தம் மட்டும் கேட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் மதகில் போய் இருந்துகொண்டு கீறினான். மாஸ்டர் வெயிலுக்குள் அசையாமல் நின்றார்.

கொண்டுவந்து கொடுத்த படத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு மனிதர். ஒரு கால் நிலத்தில் இருந்தது. மற்றக் கால் ஏற்கெனவே மிதியில் ஏறிவிட்டது.

“முகம் எங்கை தம்பி?”

“அங்க இரிந்து பாத்தா முகம் வாறல்ல சேர்.”

“அப்ப கிட்ட வந்து பாக்கலாம்தானே?”

“கிட்ட வந்தா ஆளத் தெரியாதே!”

மாஸ்டர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். தன் ஊர்ப்பக்கம் இடமாற்றம் கேட்கிற யோசனை அவருக்கு அப்போது மனதுக்குள் மட்டும்தான் இருந்ததாம். அடுத்த தவணைக்கு அவர் போய்விட்டார். போகிற அன்று என் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் ஏன் முகம் வைப்பதில்லை என்று ஊரில் பல கதைகள். லெப்பை அதை இறைபயம் என்றார். தேநீர்க் கடையில் இருந்தவர்கள், தெரியாததால் வைக்கவில்லை என்றார்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவள், ஆனாலும் எனக்கு அது விளங்கியது. பிள்ளையை எங்கே கட்டிவைத்து வளர்க்கிறார்களோ, அங்கே இருந்துதான் அது உலகத்தைப் பார்க்கும். அவனைக் கட்டிவைத்தது பரணில். நம்மைச் சுவருக்குள் வளர்த்தார்கள், அதனால் நமக்கு மூக்கும் வாயும்தான் பெரிதாகத் தெரிகிறது.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவனைச் சொல்ல ஏலாது.

மருதடிக் கண்டம், அந்த மருதமரத்தடி வயல், என் சீதனம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடும் வயலும் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து சேருவார். வாப்பா போடியார். அவருடைய கண்டங்களில் நல்லதைத் தேர்ந்து எனக்குத் தந்தார். நான் அதை வீட்டில் இருந்து ஆண்டவள் அல்ல. விதைப்புக்கும் களைக்கும் வெட்டுக்கும் வண்டி ஏறிப் போய் வரம்பில் நிற்பேன். போடியார் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலையாட்களுக்கு முன்னால் நிற்கிறாள் என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும். என் வயலில் நான் நிற்காமல் வேறு யார் நிற்பது? என் கணவரும் வருவார். ஆனால் வழியில் கண்டவரோடெல்லாம் நின்று கதைத்து, வெயில் ஏறியபிறகுதான் வந்து சேருவார். அதுவரை நான் தனியே நிற்பேன்.

சூறாவளியில் கூரை போன வீடுகளுக்கு ஊர் ஓடு போட்டு முடித்த காலம் அது. மாரிப் போகத்துக்கு விதைத்து ஒரு கிழமை இருக்கும். வயலால் திரும்பி வந்த என் கணவர் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிப் படுத்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது அவர் இல்லை.

கணவன் மௌத்தானால் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும், வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. எங்கள் மாரி வேளாண்மைக்கும் ஏறக்குறைய அதே காலம்தான். நான் இத்தாவை விட்டு எழும்பும்போது பயிர் வெட்டுக்கு நிற்கும், அல்லது பாழாகிக் கிடக்கும்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அன்று மூத்த காக்கா என் முன்னால் வந்திருந்தார்.

“புள்ள, ஆம்புள இல்லாத வேளாண்மை சரிவராது. மருதடிக் கண்டத்த என்ட கையில தா. நான் பாத்துக்கொள்ளுறன்.”

“இந்தப் போகத்துக்கா?”

“இனிமேலுக்கு.”

“அது என்ட கண்டம் காக்கா.”

“ஒண்ட கண்டம்தான். ஆனா நீ வெளிக்கிட ஏலாதே! ஆரு போய் நிக்கிற?” சிறிது யோசித்தார். “சரி. இந்த வேளாண்மை பாழாகாம வந்தா கண்டம் ஒண்டதான், நான் ஒரு கதையும் கதைக்கல்ல. பாழானா எனக்கு.”

“ஓம்” என்றேன். உம்மா குசினி அடுப்படியில் இருந்து “அல்லாஹ்வே” என்று சொன்னது கேட்டது. ஓம் என்றது ஓம்தான்.

காவலுக்கு அப்போது வெருளி மட்டும்தான். அவனுடைய வாப்பா முந்திய வருடமே மௌத்தாகிவிட்டார். அவனுக்கு இருபது வயது இருக்கும். களை எடுக்கிற காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கிடுகு வேலிக்கு வெளியே வந்து நின்றான். அவன் வெளியே, நான் குசினிக்குள், நடுவில் உம்மா. அவனுக்கு நான் ராத்தா, அக்கா முறை.

“பெரியம்மா, ராத்தாட்டச் சொல்லுங்க. களை புடுங்க வந்த பொண்டுகள் வெத்திலை போட இரிந்தா ஒழும்புறாங்க இல்ல.”

உம்மா என் பக்கம் திரும்பினார். “பொண்டுகள் ஒழும்புறாங்க இல்லயாம்.”

“எனக்குக் காது கேக்கும் உம்மா.”

உம்மா வேலிப் பக்கம் திரும்பினார். “அவளுக்குக் காது கேக்குமாம்.”

“மேக்கு வரம்பும் கொஞ்சங் கொஞ்சமா நம்மட பக்கம் நடந்து வருது.”

“வரம்பு நடக்குமாடா?” இது உம்மாவின் சொந்தக் கேள்வி.

“பக்கத்துக் கண்டத்துக்காரர்ட மம்பெட்டி நடத்துது பெரியம்மா.”

ஆத்திரத்தில் “ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு நான் போய் அந்த வரம்பில நிண்டாப் போதும்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். உம்மா அதை வெளியே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வேலிக்கு வெளியே இருந்து வெருளி மெதுவாகச் சொன்னான்: “ஓம். நிண்டாப் போதும்.” பிறகு, “பெரியம்மா, ராத்தாட பச்சச் சீலை ஒண்டு இரிந்திச்சே, அது கிடக்கா?”

“அதென்னத்துக்கு ஒனக்கு?”

“குருவிக்கு.”

வயலுக்குப் போகும்போது நான் உடுக்கிற சீலை அது. இனி எங்கே உடுக்கப்போகிறேன்? எடுத்துக் கொடுங்கள் என்று உம்மாவுக்குத் தலையை ஆட்டினேன்.

ஒரு கிழமை கூடப் போயிருக்காது. வாசலில் ஒரே சத்தம். காக்கா, லெப்பை, அவர்களுக்குப் பின்னால் தலையில் இருந்து கால்வரை சேறு காய்ந்த வட்டவிதானையார். திரையை இழுத்துவிட்டு நான் உள்ளே இருந்தேன். காக்கா எடுத்த எடுப்பிலேயே தொடங்கினார்.

“ஒனக்கு அல்லாஹ்ட பயமில்லயா? இத்தாவில இரிக்கிறவள் வட்டையில போய் நிக்கிறதா?”

“ஆரு நிண்ட?”

“நீதான்!”

“நான் இஞ்ச தேங்காய் திருவிக்கொண்டு இரிக்கன்.”

விதானையார் முன்னுக்கு வந்தார். “என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன் லெப்பை! மருதடி வரம்பில, பச்சச் சீலை, இடுப்பில கை. சலாமும் சொன்னன். பதிலே இல்ல. எனக்கு மனவருத்தமாப் போச்சி. கிறுகித் திரும்பிப் பாத்தன். அதுக்குள்ள சைக்கிள் வாய்க்காலுக்குள்ள போய்த்து.”

“நீங்க விழுந்ததக் கண்டும் நான் அசையல்லயா?” என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

“அசையவே இல்ல! அதுலதான் அது நீங்கதான் எண்டு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச.”

லெப்பை தொண்டையைச் செருமினார். “விதானை, நீங்க வெளிக்கிடக்குள்ளயும் அவ அங்கதான் நிண்டாவா?”

“அங்கதான்.”

“நீங்க சைக்கிளில நேரா இஞ்ச வந்தீங்க?”

“ஓம்.”

“அப்ப திரைக்கு அங்கால இரிந்து கதைக்கிறது ஆரு?”

உம்மா எழும்பிப் போய்ப் பாதி திருவிய தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து லெப்பைக்கு முன்னால் வைத்தார். “என்ட மகள்தான். வேணுமெண்டா தேங்காயப் பாருங்க.”

லெப்பை தேங்காயைப் பார்த்தார். “வாங்க, அங்க நிக்கிறவவையும் போய்ப் பாப்பம்” என்றார்.

டிராக்டர் பெட்டியில் உம்மாவும் ஏறிக்கொண்டார். அன்று அங்கே நடந்ததை இத்தா முடியும்வரை தினமும் ஒரு தடவை எனக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல வயலில் சேறும் கூடிக்கொண்டு வந்தது. கடைசியில் காக்கா கழுத்தளவில் நின்றார். நான் இங்கே முழங்கால் அளவையே எழுதுகிறேன்.

வாய்க்கால் கட்டில் இருந்து பார்த்தபோது உம்மாவே ஏமாந்துபோனாராம். “பெத்த புள்ளய வீட்டில வச்சிட்டு வந்த எனக்கே, நீதான் நிக்கிறாய் எண்டு தெரிஞ்சிச்சிடி” என்றார். காக்கா டிராக்டர் நிற்பதற்கு முந்தியே குதித்தார்.

“பார், ஆக்களக் கண்டும் கிறுகிறாள் இல்ல! வெக்கம் கெட்டவளே! வீட்ட போடி!” என்று கத்தினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். ஏசிக்கொண்டே போய்த் தோளில் கை வைத்தார். தோளில் இருந்த குருவி பறந்தது. கையோடு கொஞ்சம் வைக்கோல் வந்தது.

மருதமரத்தில் இருந்து வெருளி இறங்கி வந்தான்.

“டேய்! ஆர்ரா ஒனக்கு இதச் செய்யச் சொன்ன?”

“ராத்தாதான்.”

“என்ன சொன்ன?”

“ஒரு நாளைக்கு வந்து இந்த வரம்பில நிண்டாப் போதும் எண்டு சொன்னா. அவங்களுக்கு வர ஏலா. அதான்.”

லெப்பை வரம்பில் மெதுவாக நடந்து அதைச் சுற்றிப் பார்த்தார். தலையைத் தொட்டுப் பார்த்தார். மூக்கு இல்லை, கண் இல்லை. தன் பேரப்பிள்ளையின் கன்னத்தைத் தட்டுவது மாதிரி அதை ஒரு தட்டுத் தட்டினார்.

“வைக்கலுக்கு இத்தா இல்ல” என்றார்.

“அதெப்பிடி லெப்பை? பாத்தா அவளேதானே! ஊர் ஆம்புளைகள் பாப்பாங்களே!”

“பாக்கிறவன் தலையக் குனிஞ்சிக்கொண்டு போகட்டும். குனிஞ்சா வேலையும் நடக்கும்.” பிறகு வெருளியைப் பார்த்தார். “வெட்டுக்கு முந்திப் பிரிச்சிப் போட்டிரு. அது மாறாத கதை.”

அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆட்கள் வண்டி கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வைக்கோல் என்று தெரிந்தபிறகு அதற்கு யார் பயப்படுவார்கள் என்று நானும் நினைத்தேன். ஆனால் களை எடுத்த பொண்டுகளில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தபோது வாய் விட்டுச் சொன்னாள்.

“வைக்கல் எண்டு தெரியும்கா. ஆனா ஒங்களுக்கு முன்னால குந்திக்கொண்டு வெத்திலை போட மனசு வருதில்லகா.”

மேற்கு வரம்பும் ஒரு காலையில் தன்பாட்டில் பழைய இடத்துக்கு நடந்து போய்விட்டது. விதானையார் தண்ணீரை நேரத்துக்குத் திறந்தார். போகும்போது அந்தப் பக்கம் சலாம் சொல்லிவிட்டுத்தான் போவாராம், பழக்கத்தில்.

இத்தா முடிவதற்குக் கிட்டவாகக் காக்கா வந்தார். கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேளாண்மை நல்லாக் கிடக்கு” என்றார். “ஓம்” என்றேன். “கண்டம் ஒண்டதான்” என்று சொல்லித் தேயிலையைக் குடித்துவிட்டு எழும்பினார். காக்கா சொன்ன சொல் மாறாதவர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளையைக் கழற்றிய மறுநாள் நான் வயலுக்குப் போனேன். உம்மா வண்டியிலேயே இருந்துகொண்டார். வாய்க்கால் கட்டில் ஏறியதும் அவளைக் கண்டேன். பொன் நிறத்தில் தலை சாய்ந்த கதிர், அதற்கு நடுவே மழையிலும் வெயிலிலும் வெளுத்த பச்சைச் சீலை.

ஊர் சொன்னதை வைத்து நான் நினைத்திருந்தது வேறு. இடுப்பில் கை வைத்த ஒரு பெருமைக்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். இடுப்பில் கை இருந்ததுதான். ஆனால் அவள் வரம்பின் நடுவில் நிற்கவில்லை. குதிக்கால் வயலுக்குள் விழுகிற மாதிரி ஓரத்தில் நின்றாள். தலை வேலையாட்கள் பக்கம் இல்லை, வண்டிப் பாதைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் வரம்பு பாதி வெறுமையாகக் கிடந்தது.

வெருளி வந்து வழக்கம்போலத் தள்ளி நின்றான். நான்தான் கிட்டப் போனேன்.

“ஏன்டா மனே இவ்வளவு ஓரத்தில நிப்பாட்டின?”

“நீங்க அப்பிடித்தானே நிக்கிற ராத்தா.”

“நானா?”

“ஓம். பரணில இரிந்து பாத்தா எந்த நாளும் அப்பிடித்தான். மத்தப் பாதி மச்சான் வந்து நிக்கிற எடம்.”

அவர் வர நேரமாகும் என்று தெரிந்துகொண்டே அத்தனை வருடமும் நான் அவருக்கு இடம் விட்டு நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெருளி சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு கிட்ட நின்றதால் என் முகத்தில் இருந்தது அவனுக்கு விளங்கியிருக்காது.

கடைசியாக அந்த வரம்போரத்தைத்தான் வெட்டினார்கள். அதற்கு முந்தி அவனே பிரித்தான். சீலையை வாய்க்காலில் அலசி மடித்துத் தந்தான். வைக்கோலை எருமைகள் தின்றன. படம் எடுத்துவைக்கவில்லையே என்று இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். லெப்பை சொன்னது சொன்னதுதான்.

பிறகு வந்த யுத்த வருடங்களில் வட்டைக்குப் போவதே பயமான காரியமாகிவிட்டது. காவல் இல்லை, பரணும் விழுந்துவிட்டது. வெருளி ஊருக்குள் வந்து குடியிருந்தான். ஒழுங்கைக்குள், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் அவனுடைய கை ஓடவில்லை. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் விளம்பரப் பலகை எழுதக் கொடுத்தார். பலகை நிறைய நீல வானம் எழுதி, அடியில் கடுகளவில் ஒரு புள்ளி வைத்தான். “கடை எங்கடா?” என்று கேட்டதற்கு, “அதுதான்” என்று புள்ளியைக் காட்டினான். பிறகு பாலமுனைக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினான். அங்கே மறுபடியும் தூரம் கிடைத்தது. ஈர மணலில் பெருவிரலால் ஆட்களைக் கீறுவான், தோணி தள்ளுகிறவர், வலை இழுக்கிறவர் என்று. எருமை தின்ற இடத்தில் இப்போது கடல் தின்கிறது. அவனுக்கு அதில் குறை இல்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போகும்போது எங்கள் தெருமுனையில் நிற்பான். அவனுக்கும் தாடி வெளுத்துவிட்டது. பேரப்பிள்ளைகள், பாட்டனைக் கூப்பிடுகிற முறையில், “வெருளி அப்பா, வீட்ட வாங்க” என்று கூப்பிடுவார்கள். அவன் அங்கே நின்றபடியே கையைத் தூக்குவான். நானும் வாசலுக்கு வந்து, நிலையில் பாதி இடம் விட்டு ஓரமாகச் சாய்ந்துகொண்டு கையைத் தூக்குவேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்.

“அவனக் கிட்டக் கூப்பிடாதீங்க. அங்கயே நிக்கட்டும். அங்க நிண்டாத்தான் அவனுக்கு எங்க ரெண்டு பேரையும் தெரியும்.”